அன்றைக்கு ரயில் வந்தது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். செய்தி எழுதும் விதத்தை மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். தலைப்புக்கு எத்தனை எழுத்து, படத்துக்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இந்த வேலையில் நான் செய்த தவறுகளில், வெளியே சொல்லக்கூடிய ஒன்றை எழுதுகிறேன். சொல்ல முடியாதவற்றில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நம் பத்திரிகை அப்போது எட்டே பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை தினசரிக்குள் செருகி பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், தாம்பரம் வீடுகளில் இலவசமாக விழும். அலமாரித் தட்டில் விரிக்க ஏற்ற அளவு என்று வாசகர்கள் பாராட்டுவார்கள். குரோம்பேட்டையில் ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். ஆசிரியர், நான், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் பெண் என்று மொத்தம் மூன்று பேர். ஆசிரியர் அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். அதிகம் பேச மாட்டார். நாம் எழுதியதில் சந்தேகமான இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, "இதை யார் சொன்னா?" என்பார். பதில் இல்லையென்றால் அந்த வரி போய்விடும். பல வாரங்களில் என் கட்டுரையில் தலைப்பும் என் பெயரும்தான் மிஞ்சும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பம்மலிலிருந்து சுந்தரம் என்பவர் போன் செய்தார். ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா வேலாயுதத்துக்கு அந்த மாதம் நூறு வயது நிறைகிறது. நாற்பது வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர், அதுவும் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஒரே கேட்டில்.

எனக்குக் கை பரபரத்தது. நூறு வருடம். இரண்டு உலகப் போர், சுதந்திரம், எத்தனை தலைவர்கள். அத்தனை சரித்திரமும் அந்தத் தண்டவாளத்தில் இவர் கண் முன்னால் போயிருக்கிறது. இவரைப் பேசவிட்டால் நடுப்பக்கம் முழுவதும் நிரம்பும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வேலாயுதம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், பளிச்சென்ற கண். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். கட்டுமரத்தில் ஏறினாலே வாந்தி வருமாம். மூன்று தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு அவருடைய அப்பா, "நீ தரையில எங்கனா போய் பொழச்சிக்கோ" என்று அனுப்பிவிட்டார். தரையில் மிகவும் அசையாத வேலையாகப் பார்த்து ரயில்வே கேட்டில் சேர்ந்திருக்கிறார்.

நான் நோட்டைத் திறந்து, "ஐயா, சுதந்திரம் வந்த அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"கேட்ல இருந்தேன்."

"ஊரே கொண்டாடியிருக்குமே?"

"கொண்டாடினாங்கோ. கேட் கம்பத்துல எவனோ மூணு கலர் கொடி கட்டிட்டுப் பூட்டான். மேல காவி. காத்துல ஆடச்சொல்ல டிரைவர் கண்ணுக்கு செவப்பு கணக்கா தெரிஞ்சா இன்னாவறது? வண்டி நின்னுடும். அவுத்து அப்பால கீற வேப்ப மரத்துல கட்னேன். அதுக்கு என்னாண்ட சண்டைக்கு வந்தாங்கோ. ஒரே பேஜாரு."

இதை எழுதினால் நம்மோடும் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்து நான் எழுதிக்கொள்ளவில்லை.

"யுத்த காலம் ஞாபகம் இருக்கா?"

"லாந்தருக்கு கறுப்புத் துணி சுத்தணும்னு ஆர்டர் வந்துச்சு. லாந்தர் ஏத்தறதே வெளிச்சத்துக்குத்தான? தெரியக்கூடாதுன்னா ஏத்துவானேன்? கேட்டேன். ஏத்து, ஆனா தெரியாம ஏத்துன்னான் இன்ஸ்பெக்டரு."

பெரிய தலைவர் ஒருவரின் ரயில் அந்த வழியாகப் போனதைப் பற்றிக் கேட்டேன். ஆயிரக்கணக்கான ஜனம் தண்டவாளத்தில் நின்றதாம். நான் ஆவலாக, "தலைவரைப் பாத்தீங்களா?" என்றேன்.

"எத்தினி மணி வண்டின்னு தெரியும். உள்ள யாரு குந்திகினு போறாங்கன்னு எனக்கு இன்னாத்துக்கு? நாப்பது நிமிசம் லேட்டு." ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த நாற்பது நிமிடத்தை அவர் மன்னித்திருக்கவில்லை.

நடுவில் தூரத்தில் ரயில் ஹாரன் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அது போய் முடிந்த பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. போர்க்காலத்தில் தாம்பரம் விமான தளத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஜீப்பில் வந்திருக்கிறார். கேட் மூடியிருந்தது. ஹாரன் அடித்தார். கையிலிருந்த குச்சியால் ஜீப்பைத் தட்டி, திற என்று கத்தினார்.

"தொறக்கலையா?"

"எப்டிம்மா தொறக்கறது? ட்ரெயின் வந்துகினு கீது. அது போச்சு, தொறந்தேன். சலாம் போட்டேன். அந்தாளும் ஒரு சலாம் போட்டுட்டுப் போனான்."

அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை ஆசிரியர் உறவுக்காரக் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். பக்கம் அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு பர்னிச்சர் கடைக்காரர் தன் அரைப்பக்க விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரைப்பக்கம் வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலாயுதத்தின் நூறு வருடம் என் நோட்டில் ஒன்றேகால் பக்கம்தான் இருந்தது.

நான் அதை இழுத்தேன். முதலில் தயங்கித் தயங்கித்தான் இழுத்தேன். பிறகு எழுத்து தானாக ஓட ஆரம்பித்தது. 'வெள்ளையனைத் தடுத்து நிறுத்திய வீரர்' என்று தலைப்பு வைத்தேன். 'உன் பாதையை அடைக்க ஓர் இந்தியனால் முடியும் என்பதை, மூடிய கேட்டின் வழியாக அவர் சொல்லாமல் சொன்னார்' என்று எழுதினேன். அந்த வரியில் எனக்கே புல்லரித்தது. புல்லரித்த வேகத்தில் ரயிலை எடுத்துவிட்டேன். ரயில் இருந்தால் வீரம் குறைகிறது. இரண்டு சலாமையும் எடுத்துவிட்டேன். வட்டம் போட ஆள் ஊரில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. அன்று சாயங்காலமே அந்தப் பகுதிக் கவுன்சிலர் போன் செய்தார். "அக்கா, நம்ம வார்டுல இப்படி ஒரு தியாகி கீறாருன்னு எங்களுக்கே தெரியாதுக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல பாராட்டு விழா வெச்சிட்டேன். பெரிய கெஸ்ட் வராரு" என்றார். மாவட்டத்தில் முக்கியப் பொறுப்பிலிருந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்துவிட்ட ரயில் ஒரு கணம் ஞாபகம் வந்ததையும் சொல்ல வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு விழா நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. மாடிப்படியில் மிக மெதுவாக யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு இடைவெளி. மகன் கையைப் பிடித்துக்கொண்டு வேலாயுதம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் நம் பத்திரிகை. பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

மகன் அதுவரை கட்டுரையின் பாராட்டுப் பகுதியை மட்டும்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தெருமுனையில் விழா பேனர் ஏறியது. அதில் ஆர்ட்டிஸ்ட் இவருக்கு முறுக்கு மீசை வைத்து, கேட் திறக்கும் கம்பியை ஈட்டி மாதிரி கையில் கொடுத்து, காலடியில் ஒரு வெள்ளைக்காரரைக் குப்புற விழ வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் முழுக் கட்டுரையையும் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பயந்து போயிருந்தார்.

"ட்ரெயின் இல்லாம கேட்டை மூடினேன்னு போட்டுக்கிறியேம்மா."

"ஐயா, அப்படி நேரடியா எழுதலை..."

"ட்ரெயின் வந்ததுன்னு எங்க போட்டுக்கிற? காட்டு."

நான் எடுத்துவிட்ட வரிதான் அது.

"நாப்பது வருசம். ஒரு மாட்டு வண்டியக்கூட சும்மா நிறுத்தினது கெடையாது. என்னாண்ட வேலை கத்துகினவன் ரெண்டு பேரு இன்னும் உசுரோட கீறான். அவனுங்க படிச்சா இன்னா நெனைப்பானுங்கோ? டிபார்ட்மென்ட்ல கூப்ட்டு கேட்டா நான் இன்னா சொல்றது?"

ஓய்வு பெற்று அத்தனை வருடம் ஆன மனிதரை எந்த டிபார்ட்மென்ட் கூப்பிடப்போகிறது என்று சிரிக்கத்தான் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவரை வீரராக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையை ஒழுங்காகச் செய்யாத ஆள் என்றுதான் பதினைந்தாயிரம் வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த ஆசிரியர் கட்டுரையை வாங்கி நிதானமாகப் படித்தார். பென்சிலை எடுத்தார். 'சொல்லாமல் சொன்னார்' என்ற இடத்தில் வட்டம் போட்டார். "சொல்லாததை யார் உன்கிட்ட சொன்னா?" என்றார்.

அந்த வாரப் பத்திரிகை வியாழக்கிழமை இரவே அச்சாகிக் கட்டுக் கட்டாகப் போயிருந்தது. அடுத்த இதழில் திருத்தம் போடலாம் என்றேன்.

"அது எட்டு நாள் கழிச்சு. மேடை நாளைக்கு. தியாகின்னு பட்டம் குடுத்தப்புறம் திருத்தினா அவரை ரெண்டாவது தடவை அசிங்கப்படுத்தற மாதிரி. அதுக்கு முன்னாடி மேடையில சொல்லிடு."

"நானா சார்?"

"நான் எழுதலையே" என்றார்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. பாண்டு வாத்தியம், வாழைமரம், எல்லாருக்கும் கேசரி. நான் கவுன்சிலரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. முகம் வெளிறிப்போனது.

"அக்கா, கேடயத்துல தியாகின்னு பெயின்ட்ல எழுதி வந்துடுச்சிக்கா. ட்ரெயின் வந்தா இன்னா, வராட்டி இன்னா? யாருக்கா பாக்கப் போறாங்க?"

"அவர் பாக்கறார்" என்றேன்.

முதல் வரிசையில் வேலாயுதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. ட்ரெயின் வந்ததென்று சொன்னால்தான் ஏறுவேன் என்று மகனிடம் சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினர் வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் கவுன்சிலரின் செல்போன் அடித்தது. விருந்தினரின் கார் குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

"கேட்டைத் தொறக்கச் சொல்றா. யாருன்னு சொல்லு" என்று கவுன்சிலர் போனில் கத்தினார்.

வேலாயுதம் தலையைத் திருப்பினார். "ட்ரெயின் வர்தா?"

"வருதாம் தாத்தா."

"அப்போ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார்.

எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. மேடையேறி மைக்கைப் பிடித்தேன். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை விரித்தேன். "கடந்த வாரம் எங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையில் ஒரு பிழை. ஐயா வேலாயுதம் காரணமில்லாமல் கேட்டை மூடியதாகப் பொருள்படும்படி எழுதிவிட்டேன். அது தவறு. அன்றைக்கு ரயில் வந்தது. கூட்ஸ் வண்டி. அது போன பிறகு அவர் கேட்டைத் திறந்தார். வருந்துகிறேன்" என்று படித்தேன்.

எதற்காக ஒரு பெண் மேடையேறி, அறுபது வருடத்துக்கு முன்னால் ரயில் வந்ததென்று அறிவிக்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு குழந்தை கேசரி கேட்டு அழுதது. அப்போது பின்வரிசையில் எண்பது தாண்டிய ஒருவர் தடியை ஊன்றி எழுந்து நின்றார். "அத்தச் சொல்லு மொதல்ல. நான் ஒரு வாரமா தூங்கல" என்றார். வேலாயுதத்திடம் வேலை கற்றவர்களில் ஒருவர். அவர் கை தட்டினார். பார்த்துவிட்டு எல்லாரும் தட்டினார்கள்.

நான் இறங்கப் போனேன். முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. "மிக்ஸட்."

"ஐயா?"

"கூட்ஸுன்ற. கூட்ஸ் இல்ல. மிக்ஸட் வண்டி. முன்னால சரக்கு, பின்னால ரெண்டு பொட்டி ஜனம்."

நான் மைக்குக்குத் திரும்பிப் போய், "கூட்ஸ் அல்ல, மிக்ஸட்" என்றேன். இதற்கு வந்த கைதட்டல் முதலில் வந்ததைவிடப் பெரியது. வேலாயுதம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் மேடையேறினார்.

அதற்குள் கவுன்சிலர் பின்பக்கம் ஓடி ஆர்ட்டிஸ்டைப் பிடித்திருந்தார். கேடயத்தில் 'தியாகி' மறைந்து அதன் மேல் 'கேட் கீப்பர்' வந்திருந்தது. கையெழுத்து நன்றாகவே இருந்தது. விருந்தினர் வியர்வையோடு வந்து சேர்ந்தார், கேடயத்தைக் கொடுத்தார், படம் எடுத்தார்கள். பெயின்ட் காயவில்லை. இருவருடைய வலது கையும் நீலமாகிவிட்டது. விருந்தினர் அந்த நீலக் கையை வீசிக்கொண்டே, அந்த கேட்டுக்குச் சுரங்கப்பாதை கட்டாயம் வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். வேலாயுதம் பக்கத்து நாற்காலியில் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் பம்மல் போனேன். இந்தத் தடவை சரித்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே யார் யார் காத்திருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். மூன்று மணி நேரம் பேசினார். முதலில் மாட்டு வண்டி. வண்டிக்காரர்கள் ரயில் வருவதற்குள் ஒரு தூக்கம் போடுவார்கள், இவர் போய் எழுப்ப வேண்டும். பிறகு தோல் கிடங்குக்குப் போகும் வண்டிகள். அவை நிற்கும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பட்டாளத்து லாரிகள். அதன் பிறகு சைக்கிள். மில் சங்கு ஊதுவதற்குள் போக வேண்டுமென்று கேட்டுக்கு அடியில் நுழைவார்கள். அரிசிக்குக் கஷ்டம் வந்த வருடம் ஜனங்கள் பேசாமல் நின்றார்களாம். ரேடியோ வந்த பிறகு சத்தமாகப் பேசினார்களாம். காத்திருக்கிற ஜனத்தைப் பார்த்தே நாட்டில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் முதல் தடவை கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். வேப்ப மரத்தில் கொடி கட்டியதையும் இந்தத் தடவை சேர்த்து எழுதினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. தங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த கேட்டில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பதினெட்டு பேர் கடிதம் எழுதினார்கள்.

அன்று பம்மலிலிருந்து கிளம்பும்போது, ஒரு ஒழுங்குக்காக, "ஐயா, பிறந்த வருஷம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"பெரிய புயல் அடிச்ச வருசம் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"எந்தப் புயல்?"

"அத்த அது சொல்லல. ரெண்டு புயல் கீது. நடுவுல எட்டு வருசம்."

மகனைப் பார்த்தேன். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "பெரிய புயல்னா முதல்ல வந்ததுதான் மேடம் இருக்கும்" என்றார்.

"ரயில்வே ரிஜிஸ்டர்ல?"

"வேலைல சேரச்சொல்ல வயசு பதினெட்டுன்னு சொல்லுன்னாங்கோ, சொன்னேன்" என்றார் வேலாயுதம். அதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆக, நூறு வயது நிறைந்தவர் என்று மாலை போட்டு நீலக் கேடயம் கொடுத்த மனிதருக்கு நூறாகவும் இருக்கலாம், தொண்ணூற்று இரண்டாகவும் இருக்கலாம். ஒரே மாதத்தில் ஒரே ஆளுக்கு இரண்டாவது திருத்தம். நான் மாடியேறிப் போய் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இதனால அவருக்கு ஏதாவது கெட்ட பேரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேற யாருக்காவது நஷ்டமா?" இல்லை என்றேன். "எந்தப் புயல்னு நமக்குத் தெரியுமா?" அதுவும் இல்லை.

"அப்ப தொண்ணூத்திரண்டுன்னு போட்டாலும் அதுவும் நாமளா சொல்றதுதான். விடு. அவர் இன்னும் எட்டு வருஷம் இருந்தார்னா தானா சரியாயிடும்."

இதிலிருந்து எந்தத் தவறை அன்றே திருத்த வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் அந்த எட்டு வருடமும் யோசித்தேன். தாம்பரம் லைனில் மீட்டர் கேஜ் போய் அகல ரயில் பாதை வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. கவுன்சிலர் ஒரு தேர்தலில் தோற்று அடுத்ததில் ஜெயித்தார். ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் சுந்தரத்துக்கு ஏதோ பேச்சு கொடுப்பது போலப் போன் செய்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பேன்.

வேலாயுதம் இருந்தார். எட்டாவது வருடம் ஆசிரியரும் நானும் ஒரு கிலோ மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டு பம்மலுக்குப் போனோம். எதற்கு வந்தோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா விசேசம்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்" என்றார் ஆசிரியர். ஆட்டோவில் திரும்பி வரும் வழியில் என்னிடம் கையை நீட்டி, "திருத்தம் வேண்டியதில்லை" என்று கைகுலுக்கினார்.